பட்டம் பெற்றபின் தாதியர் கல்வி
(சங்க மண்டபத்தில் நடைபெற்ற இளைஞர் கூட்டத்திற் பேசியதன் எழுத்துருவம்)



தலைப்பை அறிவித்தவுடனேயே, முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியவர் ஒருவர் அருகிலிருந்தவரிடம், "பட்டம் எடுத்தபிறகு அதுக்குப் போறதோ?" என்று கேட்டது எங்கள் காதிலும் விழுந்தது. அவர்மீது எங்களுக்குக் குறையில்லை. எங்கள் படிப்பு வட்டத்திலுள்ள மூவரும் முதலில் அந்தக் கேள்வியையேதான் கேட்டோம். நாங்கள் மூவரும் மிஷன் பாடசாலையிற் படித்தவர்கள். தாதியரை வெள்ளுடைத் தேவதைகள் என்று மேடையிற் புகழப் பழகியவர்கள். ஆனால் எங்கள் தோழன் ஒருவனுடைய தமக்கையார், புவியியலிற் சிறப்புப் பட்டம் பெற்றவர், அமெரிக்காவிலிருந்து தொலைபேசியில், "நான் நேர்ஸிங் படிக்கப்போறன்" என்று சொன்னபோது, அவரது தந்தையார் இரண்டு நாள் ஒருவரோடும் பேசவில்லை. நாங்களும் தந்தையார் பக்கமே நின்றோம். அக்கா என்றே அவரை இங்கும் சொல்லுவோம். அவர் போன வழியையும், அந்த வழியில் நாங்கள் செய்த ஒரு பெரும் பிழையையும் சொல்லவே இன்று வந்திருக்கின்றோம்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகின்றோம். ஐக்கிய அமெரிக்காவிலே, வேறொரு துறையில் இளமாணிப் பட்டம் பெற்ற ஒருவர் தாதியாக விரும்பினால், மீண்டும் நான்கு வருடம் சர்வகலாசாலையிற் குந்தியிருக்கவேண்டியதில்லை. வரலாறும் மொழியும் பொதுக்கல்வியும் முன்னரே கற்றுவிட்டார் என்று கொண்டு, தாதியருக்குரிய பாடங்களையும் ஆஸ்பத்திரிப் பயிற்சியையும் மாத்திரம் இடைவிடாது கொடுத்து, பொதுவாக 11 மாதம் முதல் 18 மாதத்துக்குள் தாதியர் விஞ்ஞானத்தில் இரண்டாவது இளமாணிப் பட்டத்தை வழங்கிவிடுகிறார்கள். விரைவுத் தாதியர் பட்டப்படிப்பு என்பது இதுதான். கோடை விடுமுறை என்ற ஒன்று அதில் இல்லை. முதுமாணிப் பட்டத்திற்கே நேராக எடுத்துக்கொள்ளும் கலாசாலைகளும் உள. அவை பொதுவாகக் கூடிய காலமும் கூடிய பணமும் கேட்பவை.

இது புதுமோகம் என்று எண்ணிவிடலாகாது. முதலாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த 1918ஆம் ஆண்டுக் கோடையிலே, நியூயோர்க் மாநிலத்து வாசர் கல்லூரியில், ஏற்கெனவே பட்டம் பெற்ற பெண்கள் நானூற்றுவருக்கு மேற்பட்டோரை அழைத்து, பன்னிரண்டு வாரம் அடிப்படை விஞ்ஞானங்களைக் கற்பித்து, பின்னர் ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பினார்கள். பட்டம் பெற்றவருக்கு வழக்கமான பயிற்சிக்காலத்தைக் குறைத்துக் கொடுக்கலாம் என்ற எண்ணம் அங்கே பரீட்சித்துப் பார்க்கப்பட்டது. இன்றைய உருவிலுள்ள விரைவுப் படிப்பை மிசூரி மாநிலத்துச் சென் லூயிஸ் சர்வகலாசாலை 1971இல் ஆரம்பித்தது. இன்று அந்நாட்டின் எல்லாத் திசைகளிலும் இத்தகைய படிப்புகள் நடைபெறுகின்றன.

தாதிக்குப் பட்டம் எதற்கு என்று கேட்பாரும் உளர். 2003ஆம் ஆண்டிலே லிண்டா எய்க்கன் என்ற பேராசிரியையும் அவரோடு சேர்ந்தோரும் பென்சில்வேனியா மாநில ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு பெயர்பெற்றது. ஓர் ஆஸ்பத்திரியின் தாதியருள் இளமாணிப் பட்டமோ அதற்கு மேலோ பெற்றவரின் பங்கு நூற்றுக்கு 10 கூடும்போது, அங்கு சத்திரசிகிச்சை பெற்ற நோயாளர் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 5 குறைந்து காணப்பட்டது. 2017இல் நியூயோர்க் மாநிலம், புதிதாகப் பதிவுபெறும் தாதியர் பத்து வருடத்துக்குள் இளமாணிப் பட்டம் பெறவேண்டும் என்று சட்டமும் இயற்றியது. பட்டமில்லாமலும் அங்கே தாதியாகலாம். சமூகக் கல்லூரியில் இரண்டு வருடப் படிப்பு முடித்தவரும் அதே அனுமதிப்பத்திரப் பரீட்சைக்கே தோற்றுகிறார். கையிற் பணம் குறைந்தவருக்கு அது நல்ல வழி என்பதே எங்கள் அபிப்பிராயம். அக்காவும் அதைத்தான் முதலில் யோசித்தார். அவருடைய ஊரிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிகள் பட்டதாரிகளையே முதலிற் பார்க்கின்றன என்று அறிந்தபின்னரே மனம் மாறினார்.

அவர் இந்த எண்ணத்துக்கு வந்த விதத்தையும் சொல்லவேண்டும். கலியாணம் முடித்து 2017இற் போனவர். அங்கே ஒரு கடையிற் கணக்கு எழுதினார். 2020ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் அவருடைய மாமியார் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியிற் கிடந்தார். மாமிக்கு ஆங்கிலம் வராது. "நோ" என்றால் அங்கே இல்லை என்று பொருள்; நம்மூரில் நோ என்றால் வலி. மாமி "நோ, நோ" என்று முனக, வலி இல்லையாக்கும் என்று ஒருவர் எழுதிவிட்டுப் போனாராம்! இரவில் வந்த தாதி ஒருவர்தான், கிழவி தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டதைக் கவனித்தார். கழிப்பறைக்குக் கூட்டிப்போகுமாறு பிறரைக் கேட்க வெட்கப்பட்டு மாமி தண்ணீரை விட்டிருந்தார். அதைக் கையாற் சைகை காட்டியே அந்தத் தாதி அறிந்துகொண்டார். விடியும்வரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை தாமாக வந்து, மாமியைக் கேட்கவைக்காமலே எழுப்பிக் கூட்டிப்போனார். அவர் முன்பு வங்கியில் வேலைபார்த்தவர் என்றும், விரைவுப் படிப்பினால் வந்தவர் என்றும் பேச்சுவாக்கில் அறிந்த நாளே அக்காவின் மனத்தில் விதை விழுந்தது.

விதை விழுந்தாற் போதுமா? நிலம் பண்படவேண்டும். கலைப் பட்டதாரி எவரும் நேரே விண்ணப்பிக்க இயலாது. முன்தேவைப் பாடங்கள் என்று சில உண்டு. உடற்கூற்றியலும் உடற்றொழிலியலும் சேர்ந்த பாடம் இரண்டு தவணைக்கு, ஆய்வுகூடத்தோடு, நுண்ணுயிரியல், அதுவும் ஆய்வுகூடத்தோடு, பெரும்பாலும் இரசாயனம், புள்ளிவிபரவியல், மனித வளர்ச்சி பற்றிய உளவியல், பல இடங்களிற் போஷாக்கு. ஒவ்வொரு கலாசாலையும் ஒவ்வொரு பட்டியல் வைத்திருக்கிறது. ஒன்று கேட்பதை மற்றது கேளாது. விஞ்ஞானப் பாடங்கள் ஐந்து வருடத்துக்கோ ஏழு வருடத்துக்கோ உட்பட்டவையாக இருக்கவேண்டும் என்று கட்டளையிடுவனவும் பல. ஆகவே விஞ்ஞானப் பட்டதாரிகள் தங்களுக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணி ஏமாறவேண்டாம். பத்து வருடத்துக்கு முன் எடுத்த இரசாயனத்தை அவர்கள் பழஞ்சோறு என்று தள்ளிவிடக்கூடும். நாலு புள்ளிக்கு மூன்று என்ற சராசரியையே பல கலாசாலைகள் கீழெல்லையாக வைத்திருக்கின்றன. போட்டியிலே வெல்ல அதற்கு மேல் வேண்டும். சில இடங்களில் ரீஸ் என்னும் நுழைவுப் பரீட்சையும் உண்டு.

அக்கா 2021 ஜனவரியில் வீட்டுக்கு அருகேயுள்ள சமூகக் கல்லூரியில் இந்தப் பாடங்களைத் தொடங்கினார். பகலிற் கடை, மாலையில் வகுப்பு, இரவில் எலும்புகளின் பெயர். உயர்தரத்திற் கலைப்பிரிவிற் படித்தவருக்கு அது எவ்வளவு கடினம் என்பதைக் கலைப்பிரிவினராகிய நாங்கள் அறிவோம். அவருக்கு உதவலாம் என்று தமிழில் உடற்கூற்றுச் சொற்களைத் தேடியபோது, எங்கள் பாடசாலைச் சுவரிற் படமாக மட்டும் நாங்கள் கண்டிருந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் நினைவுக்கு வந்தார். மசசூசெற்ஸிலிருந்து 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மாணிப்பாயிலிருந்து மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கியவர் அவர். அமெரிக்கர் ஒருவர் தமிழ் கற்று எலும்புகளுக்குத் தமிழிற் பெயர் சொன்னார். நூற்றெழுபது வருடத்துக்கு மேலாகிய பின் எங்கள் ஊர்ப் பெண் அவருடைய நாட்டிலிருந்து அதே எலும்புகளை ஆங்கிலத்தில் மனனஞ் செய்கிறார். இந்த வேடிக்கையை நாங்கள் எழுதியபோது அக்கா, "தம்பிமாரே, எனக்கு நாளைக்குச் சோதனை, கதை பிறகு" என்று ஒரே வரியிற் பதில் அனுப்பினார்.

இனி எங்கள் பிழை. 2022 ஜூலை மாதம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தோம். பெற்றோல் வரிசைகள் மைல்கணக்கில் நின்ற காலம். அக்காவின் பழைய சர்வகலாசாலையிலிருந்து, ரான்ஸ்கிறிப்ற் எனப்படும் பாடவாரிப் பெறுபேற்றுத் திரட்டை எடுத்து அனுப்பும் பொறுப்பு எங்களிடம் வந்தது. அக்கா தெளிவாகவே எழுதியிருந்தார்: அங்குள்ள கலாசாலைகள் நம் நாட்டுப் பட்டத்தைத் தாமாக மதிப்பிடுவதில்லை, டபிள்யு. ஈ. எஸ். போன்ற மதிப்பீட்டு நிறுவனம் ஒன்று ஒவ்வொரு பாடத்தையும் அமெரிக்கப் புள்ளிக்கு மாற்றித் தரவேண்டும்; அந்த நிறுவனத்துக்குத் திரட்டு சர்வகலாசாலையிலிருந்தே நேராகப் போகவேண்டும். இதை வாசித்தோம், விளங்கிக்கொள்ளவில்லை. சைக்கிளிற் போய், பணம் கட்டி, உரிய நாளில் மறுபடி போனோம். அலுவலகத்திலிருந்தவர், "நேரே அனுப்பிறதோ, உங்களிட்டத் தாறதோ?" என்று நல்ல மனத்தோடு கேட்டார். தபாலிற் போட்டால் எப்போது போய்ச் சேருமோ என்று எண்ணி, "எங்களிட்டயே தாங்கோ" என்றோம். வீட்டுக்கு வந்து உறையைக் கிழித்து, பெறுபேறுகளைப் பார்த்து வியந்து, படமெடுத்து அனுப்பி, மூலப் பிரதியைப் புதிய உறையிலிட்டுக் கூரியரில் விட்டோம். கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டோம் என்ற நினைப்பு!

உறை உடைந்த திரட்டுக்கு அங்கே கடதாசிப் பெறுமதியும் இல்லை. மதிப்பீட்டு நிறுவனம் ஏற்க மறுத்தது. இரண்டாம் முறை முத்திரையிட்ட உறையில், சர்வகலாசாலையே அனுப்பியது போய்ச் சேர்வதற்குள் அவர் விரும்பிய கலாசாலையின் இறுதித் திகதி கடந்துவிட்டது. வருடத்துக்கு ஒருமுறையே அந்தக் கலாசாலை ஆட்களை எடுத்தது. ஒரு முழு வருடம், சபையோரே! முப்பது வயதைத் தாண்டிய, குடும்பத்தைத் தாங்குகின்ற ஒருவருடைய ஒரு வருடம் எங்கள் கையாற் போயிற்று. அக்கா ஒரு சுடுசொல்லும் சொல்லவில்லை. அதுதான் எங்களைச் சுட்டது.

இங்கே இன்னொன்றும் சொல்லவேண்டும். நமது மூன்று வருடப் பொதுப் பட்டத்தைச் சில மதிப்பீட்டாளர்கள் அமெரிக்காவின் நான்கு வருடப் பட்டத்துக்குச் சமமாகக் கொள்வதில்லை. அக்காவினது நான்கு வருடச் சிறப்புப் பட்டமாதலால் தப்பினார். பொதுப் பட்டம் பெற்றவர்கள் விண்ணப்பக் கட்டணம் கட்டுமுன் மதிப்பீட்டைச் செய்வித்து, தாம் நாடும் கலாசாலை அதை ஏற்குமா என்று எழுத்திற் கேட்டறியவேண்டும். பல கலாசாலைகள் நேர்ஸிங்காஸ் என்னும் பொது விண்ணப்ப முறையைப் பயன்படுத்துகின்றன. ஒரே படிவத்திற் பல இடத்துக்கு விண்ணப்பிக்கலாம், ஒவ்வோர் இடத்துக்கும் கட்டணம் தனி. நாடும் படிப்பு சி. சி. என். ஈ. அல்லது ஏ. சி. ஈ. என். என்ற அங்கீகார அமைப்பினாலும் மாநிலத் தாதியர் சபையினாலும் ஏற்கப்பட்டதா என்பதை முதலிற் பார்க்கவேண்டும். விளம்பரத்தில் அழகான படம் போட்டிருப்பது அங்கீகாரமாகாது.

சிபார்சுக் கடிதம் பற்றி நமக்குள்ள பழக்கம் வேறு. "சம்பந்தப்பட்டவர்களுக்கு" என்று பொதுவாக எழுதி, கையெழுத்திட்டு, மாணவனிடமே கொடுத்துவிடுவார்கள் நம் ஆசிரியர்கள். அங்கே கடிதம் எழுதுபவர் தாமே நேராக அனுப்பவேண்டும். விண்ணப்பகாரர் அதைப் பாராமலே விடுவதுதான் வழக்கம். "நல்லொழுக்கமுள்ள பிள்ளை" என்பது அங்கே செல்லாக்காசு. என்ன செய்தார், எந்த நெருக்கடியில் எப்படி நடந்தார் என்று எழுதவேண்டும். அக்காவுக்கு நுண்ணுயிரியல் கற்பித்த ஆசிரியை ஒருவரும் கடை முதலாளியும் எழுதினார்கள்.

பின்னர் கட்டுரை. தாதியாக ஏன் விரும்புகிறாய் என்பதற்கு அக்கா முதலில் எழுதிய பிரதியைத் திருத்தும் பெருமை எங்களுக்குக் கிடைத்தது. "சிறுவயது முதலே சேவை செய்யும் ஆவல்" என்ற வாக்கியத்தை நாங்கள் இன்னும் சிங்காரித்துக் கொடுத்தோம். மிஷன் பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களிற் பெற்ற பயிற்சி வீண்போகுமா! அந்த நுண்ணுயிரியல் ஆசிரியை அதைப் படித்துவிட்டு முதற் பக்கம் முழுவதையும் குறுக்கே கோடிட்டு வெட்டினாராம். மாமி தண்ணீர் குடிப்பதை நிறுத்திய கதையை மட்டும் எழுது என்றாராம். அக்கா அதையே எழுதினார். 2023இல் நேர்முகப் பரீட்சையில், "ஏன் வைத்தியராக விரும்பவில்லை?" என்று கேட்டார்கள். "வைத்தியர் தமது வேலையைச் சரியாகச் செய்து எலும்பைப் பொருத்தினார். மாமி தண்ணீரை விட்டதைக் கண்டவர் தாதி. எனக்கு இரண்டாவது வேலைதான் வேண்டும்" என்று சொன்னாராம்.

நான்கு கலாசாலைகளுக்கு அனுப்பினார். ஒன்று, கொரோனாக் காலத்தில் அவர் கணினி மூலம் செய்த ஆய்வுகூடப் பாடத்தை ஏற்காது மறுத்தது. இன்னொன்று காரணஞ் சொல்லாமல் மறுத்தது. மூன்றாவது காத்திருப்போர் பட்டியலில் வைத்தது. நான்காவது எடுத்துக்கொண்டது. முந்திய வருடம் நாங்கள் தவறவிட்ட அதே கலாசாலைதான் அது.

பணத்தைப் பற்றிப் பெரியோர்கள் கேட்பீர்கள். மாநிலச் சர்வகலாசாலைகளிற் குறைவாகவும் தனியார் கலாசாலைகளில் மிகக் கூடுதலாகவும் இருக்கும். எப்படியும் பல பத்தாயிரம் டொலர் என்ற கணக்கே. வறிய மாணவருக்கு அரசு இனாமாகக் கொடுக்கும் பெல் உதவிப்பணம் முன்னரே இளமாணிப் பட்டம் பெற்றவருக்குக் கிடையாது. இது பலரை இடறிவிடும் கல். பிரஜைகளும் நிரந்தர வதிவிட உரிமை பெற்றோரும் அரசுக் கடன் பெறலாம், அதற்கும் எல்லையுண்டு. நேர்ஸ் கோப்ஸ் என்னும் அரசு உதவித்திட்டம் கல்விக் கட்டணத்தையும் மாதப்படியையும் கொடுத்து, ஆளணி குறைந்த வைத்திய நிலையம் ஒன்றில் இரண்டு வருடமாவது வேலைசெய்யக் கேட்கிறது. அக்கா அதற்கு விண்ணப்பித்துப் பெறவில்லை. படிக்குங் காலத்தில் வேலைசெய்யவேண்டாம் என்று கலாசாலைகளே சொல்லுகின்றன. ஆகவே கட்டணத்தோடு இழந்த சம்பளத்தையும் கணக்கிற் சேர்க்கவேண்டும். மறுபுறத்தில், 2024 மே மாத அரசாங்கக் கணக்கின்படி அங்கு பதிவுபெற்ற தாதியரின் நடுத்தர வருடச் சம்பளம் 93,600 டொலர்.

இங்கிருந்து மாணவர் விசாவிற் போக எண்ணும் இளைஞருக்கு ஒரு வார்த்தை. அரசுக் கடன் உங்களுக்கு இல்லை. முதல் வருடச் செலவுக்குரிய பணத்தைக் காட்டினாலன்றி விசாப் பத்திரமே எழுதமாட்டார்கள். படிப்பின்பின் பொதுவாக 12 மாதமே பயிற்சி வேலைக்கு இடமுண்டு. தொழில்நுட்பப் பட்டதாரிகளுக்குக் கொடுக்கும் மேலதிக காலம் தாதியர் பட்டத்துக்குக் கிடையாது. வீட்டை ஈடுவைத்துப் போகலாமா என்று எங்களைக் கேட்ட ஒருவருக்கு, வேண்டாம் என்றே சொன்னோம். தாதியாகவேண்டும் என்பதுதான் உண்மையான ஆசையென்றால், நம் நாட்டிலே அரசு தாதியர் கலாசாலைகளில் உதவிப்படியோடு மூன்று வருடப் பயிற்சி இருக்கிறது. பதிவுபெற்ற தாதியர் பட்டம் பெறத் திறந்த பல்கலைக்கழகம் 1994 முதல் வழி செய்திருக்கிறது. ஆனால் பட்டம் பெற்ற ஒருவர் முப்பது வயதில் மனம் மாறினால் ஏறிக்கொள்ள நம்மிடம் இப்படியொரு விரைவு வண்டி இல்லை. உயர்தரப் பரீட்சையின் இசற் புள்ளி ஒருமுறை நம்மை ஒரு துறைக்குள் விட்டுவிட்டால், கதவு பின்னால் சாத்திக்கொள்கிறது. அதை நாங்கள் குறையென்றே கருதுகிறோம், பெரியோர்கள் மாறுபடக்கூடும்.

அக்கா 2024 ஜனவரியில் தொடங்கினார். படிப்புத் தொடங்குமுன்னரே தடுப்பூசிப் பதிவுகள், காசநோய்ப் பரிசோதனை, பொலிஸ் பதிவு விசாரணை, போதைப்பொருட் பரிசோதனை, உயிர்காப்பு முதலுதவிச் சான்று எல்லாம் கேட்டார்கள். அவருடைய குழந்தைப் பருவத் தடுப்பூசி அட்டையைத் தாயார் பழைய தகரப் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தார். அதை அனுப்பியபோது நாங்கள் அறிவுறுத்தலை நான்கு தடவை வாசித்தோம். பதினாறு மாதம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து ஆஸ்பத்திரிப் பயிற்சி. மற்றைய நாட்களில் மருந்தியலும் பரீட்சையும். உடன்சேர்ந்தவர்களில் ஓர் இசையாசிரியர், ஒரு முன்னாள் இராணுவ வீரர், இரண்டு வங்கியாளர் இருந்தனராம். இரண்டாந் தவணையில் மருந்தியலில் அக்கா ஒரு பரீட்சையிற் சித்தியடையவில்லை. இன்னொன்று தவறினால் வெளியே என்ற நிலை. அன்றிரவு தொலைபேசியில் அழுதது தாயாரிடமல்ல, தந்தையாரிடம். இரண்டு நாள் பேசாதிருந்த அதே தந்தையார் ஒரு மணித்தியாலம் பேசினார். என்ன பேசினார் என்று எங்களுக்குச் சொல்லவில்லை.

2025 கோடையில் என்கிளெக்ஸ் என்ற அனுமதிப்பத்திரப் பரீட்சை. அது விநோதமான பரீட்சை. கணினியிலே, ஒருவர் சரியாக விடையளிக்க அடுத்த கேள்வி கடினமாகும், பிழைத்தால் இலகுவாகும். குறைந்தது 85 கேள்வி, கூடியது 150, ஐந்து மணித்தியாலம். ஒருவர் தேறினாரா இல்லையா என்று கணினிக்கு உறுதியானவுடன் நின்றுவிடும். 2023 ஏப்ரில் முதல், நோயாளி ஒருவரின் முழு விபரத்தையும் தந்து, எதை முதலிற் கவனிப்பாய், என்ன செய்வாய் என்று படிப்படியாகக் கேட்கும் புதுமுறை வந்திருக்கிறது. அக்காவுக்கு 85ஆவது கேள்வியோடு நின்றுவிட்டது. நன்றாகச் செய்தவருக்கும் அங்கே நிற்கலாம், மிக மோசமாகச் செய்தவருக்கும் அங்கே நிற்கலாம்! இரண்டு நாள் எங்கள் வட்டத்தில் எவருக்கும் படிப்பு ஓடவில்லை. மூன்றாம் நாட் காலையில், "பாஸ்" என்ற ஒரு சொல் வந்தது.

இப்போது அவர் எலும்பு முறிவு வாட்டிலே இரவு வேலை. அவருடைய தந்தையார் தமது பிரஷர்க் குளிசையைப் பற்றிய சந்தேகங்களை இப்போது அவரிடமே கேட்கிறார். எங்களிடம், "அவள் சொன்னால் சரியாயிருக்கும்" என்கிறார்.

அக்கா தயாரித்த கலாசாலைப் பட்டியலையும், ஒவ்வொன்றும் கேட்கும் பாடங்களையும், எங்கள் பிழையைத் தவிர்க்கும் வழியையும் ஒரு கொப்பியில் எழுதிச் சங்க வாசிகசாலை அலுமாரியில் வைத்திருக்கிறோம். பட்டியல் வருடத்துக்கு வருடம் மாறுவதால் அந்தந்தக் கலாசாலையின் அறிவித்தலோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். சனிக்கிழமை மாலைகளில் நாங்கள் மூவரும் அங்கே இருப்போம். வர விரும்புவோர், எங்கு படித்தவராயினும், ரான்ஸ்கிறிப்றுக்கான விண்ணப்பத்தை முதலில் உங்கள் சர்வகலாசாலைக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள். உங்களிடம் தருவதோ நேரே அனுப்புவதோ என்று அவர்கள் கேட்டால், நேரே அனுப்பச் சொல்லுங்கள்.